ஆச்சியின் சுளகும் அம்மாவின் எட்டாம் வகுப்பும்

மதிப்பிற்குரிய அம்மா,

எங்கள் ஆச்சி, என் அம்மாவைப் பெற்றவர், தம் 86ஆம் வயதில் இறந்து பத்து மாதம் ஆகிறது. கடையம் பக்கத்துக் கிராமம். 32 வயதில் தாலியறுத்தவர், ஐந்து பிள்ளைகளையும் பீடி சுற்றியே வளர்த்தார். ஊறவைத்த இலையைத் தகடு வைத்து வெட்டி, தூளைப் பரப்பி, சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் முடியாமல் சுளகை (முறத்தை) விட்டு எழ மாட்டார். நான் பரீட்சைக்கு விழித்திருந்தால் அவரும் சுளகோடு உட்கார்ந்துவிடுவார். எழுத்து தெரியாது. “வாய்விட்டுப் படி, எனக்கும் கேட்கட்டும்” என்பார். புகையிலை வாடை அடிக்கும் அந்த மடிதான் எனக்கு எல்லாம்.

முதலாண்டுத் திதிக்கு மாமாக்கள் நினைவு மலர் போடுகிறார்கள். ‘பிள்ளைகளைப் படிக்க வைத்த தெய்வம்’ என்பது தலைப்பு. தமிழ் படித்தவள் என்பதால் கட்டுரையை என்னிடம் ஒப்படைத்தார்கள். மாமாக்கள் எல்லோரும் பட்டதாரிகள். மூத்தவரான என் அம்மாவை மட்டும் எட்டாம் வகுப்போடு நிறுத்திச் சுளகைக் கொடுத்தவர் ஆச்சி. அம்மா வகுப்பில் முதல் மாணவி. மாமாக்கள் கட்டிய பள்ளிக் கட்டணத்தில் அம்மா சுற்றிய பீடியும் இருக்கிறது.

தலைப்பைக் காட்டினேன். “நன்றாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து ஒரு வரிகூட ஓடவில்லை. ஆச்சி மேல் கோபம் வருகிறது. உடனே அவர் மடி நினைவுக்கு வந்து அழுகிறேன். செத்தவரைக் குறை சொல்வது பாவம் இல்லையா?

– ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

அன்பு மகளே,

பாவம் இல்லை. உங்கள் ஊரில் ஒப்பாரி கேட்டிருப்பீர்கள். “என்னைத் தவிக்கவிட்டுப் போனாயே” என்று தொடங்கும் பெண்கள், பிறந்த வீட்டில் தமக்கு மறுக்கப்பட்டதையும் சேர்த்தே பாடிவிடுவார்கள். பிணத்தைக் கட்டிக்கொண்டே அதனோடு வழக்காடுவார்கள். யாரும் தடுப்பதில்லை. நம் பாட்டிமார் அறிந்து வைத்திருந்த வழி அது. உங்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை, மலரில் புகழ மட்டுமே இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இறந்தவரிடமிருந்து மனத்தைப் பிரித்தெடுப்பதே ஆறுதலுக்கு வழி என்று உளவியலில் நெடுங்காலம் நம்பினார்கள். 1996இல் கிளாஸ், சில்வர்மேன், நிக்மேன் ஆகிய ஆய்வாளர்கள் மூவர் அதை மறுத்தார்கள்: உறவு முடிவதில்லை, உருமாறித் தொடர்கிறது என்றார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஆச்சியோடு உங்களுக்கு உறவு இருக்கிறது, அதனால்தான் சண்டையும் வருகிறது.

ஆச்சியின் பக்கத்தையும் பாருங்கள். பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஐந்து வயிற்றுக்கு ஒருத்தியின் விரல் போதாது, இரண்டாவது சுளகு வேண்டியிருந்தது. பையனை நிறுத்தாமல் பெண்ணை நிறுத்தியது அந்தக் காலத்தின் வழக்கம். இதைச் சொல்வதால் நடந்தது நியாயமாகிவிடாது. உங்கள் அம்மாவுக்கு அநியாயம் நடந்தது. செய்தவர், உங்களோடு விடிய விடிய விழித்திருந்த அதே ஆச்சி. ஒருவேளை பேத்தியின் வாயால் கேட்ட பாடத்தில் மகளுக்கு மறுத்ததையும் அவர் கேட்டிருக்கலாம். உறுதியாகச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆனால், மகளே, கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறொன்று. இந்தக் கோபம் அம்மாவுடையதா, உங்களுடையதா? அம்மாவிடம் நீங்கள் கேட்கவே இல்லை. “நன்றாக இருக்கிறது” என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் மனக்காயம் இருக்கலாம், ஆறிப்போன தழும்பும் இருக்கலாம். எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் உரியுங்கள். “பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற அன்று என்ன நடந்தது அம்மா?” என்று மட்டும் கேளுங்கள். அழுதால் அழட்டும். பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் அவரே தொடங்குவார்.

கட்டுரையை எழுதுங்கள். ‘ஆச்சி தம் கையாலும் மூத்த மகளின் கையாலும் மற்ற பிள்ளைகளைப் படிக்க வைத்தார்’ என்று ஒரு வரி போதும், ஆச்சிக்கும் இழுக்கில்லை, அம்மாவும் மலருக்குள் வந்துவிடுவார். அச்சுக்குப் போகும் முன்பே மூத்த மாமாவிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். அக்காள் சுற்றிய பீடியை அவர் மறந்திருக்க மாட்டார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆறு மாதத்துக்கு மேலும் துயரம் தணியாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கினால், அதை நீடித்த துயர நோய் என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. நினைவு வந்து அழுவது மட்டும் நோயாகாது. உறக்கமும் உணவும் வேலையும் கெடுவதாகத் தெரிந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

எழுதி முடித்ததும் முதலில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். வாய்விட்டு.