ஒரு பகல் முழுக்க ஒரே கேள்வி

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. போன வாரம் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு வந்தவர், "இன்னைக்கு என்ன கிழமை? நான் எப்போ குளிச்சேன்?" என்று கேட்டார். சொன்னால் இரண்டு நிமிடத்தில் மறுபடி அதே கேள்வி. எங்களை அடையாளம் தெரிந்தது; பேச்சு, நடை எல்லாம் சரியாக இருந்தன. மாலைக்குள் தெளிந்துவிட்டார். அன்றே எடுத்த ஸ்கேன் நார்மல். இது டிமென்ஷியா என்ற மறதி நோயின் தொடக்கமா?

பதில்: அப்படித் தெரியவில்லை. டிமென்ஷியா மாதக்கணக்கில் மெல்ல வருவது. காலையில் வந்து மாலையில் போகாது. நீங்கள் சொல்வது 'டிரான்சியன்ட் குளோபல் அம்னீசியா' என்ற தற்காலிக மறதிக்குத்தான் பொருந்துகிறது. பெரும்பாலும் 50 வயதுக்கு மேல் வரும், 24 மணி நேரத்துக்குள் விலகிவிடும். குளிர்ந்த நீர், கடும் உடலுழைப்பு, மன அதிர்ச்சி இவற்றை ஒட்டி வருவது வழக்கம். ஏன் வருகிறது என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

மூளையின் இரு பக்கமும், பொட்டு மடல் (நெற்றிப்பொட்டை ஒட்டிய பகுதி) எனப்படும் இடத்தின் உட்புறத்தில் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு உறுப்பு இருக்கிறது. புதிதாக நடப்பதை நினைவில் பதிப்பது அதன் வேலை. 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பை நிறுத்த அதன் பெரும்பகுதியை இரு பக்கமும் அகற்றினார்கள். 2008-ல் இறக்கும்வரை புது நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பழைய நினைவுகளில் பெரும்பகுதியும் பேச்சும் அறிவும் அப்படியே இருந்தன. உங்கள் அம்மா அந்த நிலையில் சில மணி நேரம் இருந்திருக்கிறார். ஹிப்போகாம்பஸில் சிஏ1 என்ற பகுதியின் செல்கள் எளிதில் பாதிக்கப்படுபவை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் அங்கே ஊசிமுனை அளவில் புள்ளிகள் தெரியலாம். ஆனால் மறதி வந்து ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்தான் அவை நன்றாகத் தெரியும். அன்றைய ஸ்கேன் நார்மலாக இருந்ததில் வியப்பில்லை.

அந்தச் சில மணி நேரம் அவருக்குத் திரும்ப ஞாபகம் வராது. "யோசிச்சுப் பாரும்மா" என்று வற்புறுத்தாதீர்கள், பதியாததை எங்கிருந்து எடுப்பார்? இதற்கென்று மாத்திரையும் வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு மறுபடி வருவதில்லை.

சர்க்கரைக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறாரா, தலையில் அடிபட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. சர்க்கரை இறங்கினாலும் குழப்பம் வரும். ஒருமுறை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரை மணி, ஒரு மணி நேர மறதி அடிக்கடி, அதுவும் தூங்கி எழும்போது வந்தால் வலிப்பாக இருக்கலாம், மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. பரிசோதனை தேவைப்படும். மறதியோடு வாய் கோணல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வைக் குறை எது இருந்தாலும் பக்கவாதம் என்றே நினைத்து உடனே 108-ஐ அழையுங்கள்.