ஏடார்1 நொதி: கேள்வி பதில்

கேள்வி: மேடம், ஏடார்1 நம் டிஎன்ஏவையே மாற்றிவிடுமா?

பதில்: இல்லை, டிஎன்ஏ அப்படியே இருக்கும். அதிலிருந்து படியெடுத்த ஆர்என்ஏவில்தான் இது கை வைக்கும். இரண்டு இழைகள் ஜோடி சேர்ந்திருக்கும் இடத்தில் அடினோசின் என்ற எழுத்தை இனோசின் என்ற எழுத்தாக மாற்றும்.

கேள்வி: ஓர் எழுத்து மாறாவிட்டால் என்ன கெட்டுவிடும்?

பதில்: இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆலு என்ற வரிசைதான், திரும்பத் திரும்ப வரும். எதிரெதிர்த் திசையில் இரண்டு ஆலு ஒரே ஆர்என்ஏவில் வந்தால், அது மடிந்து ஒட்டிக்கொள்ளும். பார்த்தால் வைரஸ் ஆர்என்ஏ போலவே இருக்கும். செல்லுக்குள் எம்டிஏ5 என்று ஒரு காவல் புரதம் உண்டு. அது இதைப் பிடித்துவிட்டால், வைரஸ் வந்துவிட்டது என்று எச்சரிக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் சுரந்து, உடம்பு தன்னையே தாக்கத் தொடங்கும். ஏடார்1 நடுநடுவே இனோசினை வைப்பதால் ஜோடி தளர்ந்துவிடும், எம்டிஏ5 பேசாமல் இருக்கும். எழுத்தை மாற்றும் திறனை இழந்த எலிகள் கருவிலேயே இறந்தன. எம்டிஏ5ஐயும் நீக்கியபோது பிழைத்தன. 2015இல் வந்த இந்த முடிவுதான் விஷயத்தைத் தெளிவாக்கியது.

கேள்வி: அக்கா குழந்தைக்கு மூளையைப் பாதிக்கும் ஐகார்டி–குட்டியேர் என்ற அரிய நோய். முதலில் கர்ப்பத்தில் வைரஸ் தொற்று என்றார்கள், இப்போது ஏடார்1ஐ உண்டாக்கும் ஏடார் மரபணுவில் பழுது என்கிறார்கள். அக்கா தன்னையே நொந்துகொள்கிறாள்.

பதில்: கர்ப்பகாலத்தில் அவர் செய்த எதனாலும் இது வரவில்லை. முதலில் அதை அவரிடம் சொல்லுங்கள். மருத்துவர்கள் தொற்று என்று நினைத்ததும் இயல்புதான். ஸ்கேனில் மூளைக்குள் சுண்ணாம்புப் படிவு தெரியும், இன்டர்ஃபெரான் கூடியிருக்கும், ஆனால் வைரஸ் இருக்காது. ஏடார்1க்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு தெரியவந்ததே 2012இல்தான். பெரும்பாலும் பெற்றோர் இருவரும் அந்த மரபணுவின் பழுதான பிரதி ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள், அவர்களுக்கு நோய் இருக்காது. அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரே பிரதி பழுதானாலே நோய் வரும் வகையும் உண்டு. அதனால் அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை பெறுவது அவசியம். இன்டர்ஃபெரான் தரும் சமிக்ஞையை அடக்கும் பாரிசிட்டினிப் போன்ற ஜாக் தடுப்பு மருந்துகள் சில குழந்தைகளுக்கு உதவியிருக்கின்றன. ஆனால் மூளையில் ஏற்கெனவே ஏற்பட்ட சேதத்தை அவை மீட்காது.

கேள்வி: எனக்கும் அப்பாவுக்கும் புறங்கையில் கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள். இதே மரபணுவாம். பயப்பட வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும், பயம் வேண்டாம். ஒரு பிரதி பழுதானாலே புள்ளிகள் வரும், பிள்ளைகளுக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு.

கேள்வி: புற்றுநோய்க்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. சில புற்றுச் செல்கள் ஏடார்1ஐ நம்பியே நோயெதிர்ப்பிடமிருந்து ஒளிந்திருக்கின்றன. எலிகளில் கட்டிச் செல்களிலிருந்து அதை நீக்கியபோது, நோயெதிர்ப்பைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி சிகிச்சை நன்றாக வேலை செய்தது. ஆனால் ஏடார்1ஐத் தடுத்தால் ஆரோக்கியமான செல்களில் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்ன குழந்தையின் நோயே சாட்சி. மருந்து தேடுபவர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல்.