பெயர் ஒன்று, சிப் வேறு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வை-ஃபை அடாப்டருடன் வந்த மேலாண்மை மென்பொருளை நிறுவியதிலிருந்து இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. அடாப்டர் பழுதா?

பதில்: அடாப்டரைச் சந்தேகிக்கும் முன் அந்த மென்பொருளைச் சந்தேகியுங்கள். விண்டோஸில் வை-ஃபை இணைப்பைக் கவனிக்க 'டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்' என்ற சேவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. தயாரிப்பாளரின் மென்பொருளும் அதே அடாப்டரைக் கையில் எடுக்கும்போது, ஒன்று இணைத்ததை மற்றொன்று துண்டிக்கக்கூடும். அதை நீக்குங்கள். மீண்டும் நிறுவும்போது 'டிரைவர் மட்டும்' (டிரைவர் என்பது சாதனத்தை விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள்) என்ற தெரிவு இருந்தால் அதையே எடுங்கள். அதன் பிறகும் அறுந்தால், டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பண்புகளைத் திறந்து, 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தைக் கணினி அணைக்கலாம் என்று அனுமதிக்கும் குறியை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: 'உங்கள் நெட்வொர்க் டிரைவர் பழையது' என்று திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. பணம் கட்டி அந்த மென்பொருளை நிறுவினேன். இப்போது இணையமே இல்லை.

பதில்: நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், அச்சமூட்டி விற்பவர்களிடம் யாரும் சிக்கக்கூடும், அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். டிரைவரைத் தயாரிப்பாளரும் விண்டோஸ் அப்டேட்டும் இலவசமாகவே தருகின்றன. முதலில் அந்த மென்பொருளை நீக்குங்கள். பின்பு டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் 'டிரைவர்' பகுதிக்குப் போய் 'ரோல் பேக்' பொத்தானை அழுத்தினால் முந்தைய டிரைவர் திரும்பும். பொத்தான் மங்கலாக இருந்தால், ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூ.எஸ்.பி கேபிளில் இணைத்து, டெதரிங் (கைப்பேசியின் இணையத்தைக் கணினியோடு பகிர்தல்) மூலம் இணையம் பெற்று, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரைப் பதிவிறக்குங்கள். கட்டிய பணத்தைப் பற்றி உங்கள் வங்கியிடம் இன்றே புகார் கொடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் சந்தா எதுவும் உங்கள் பெயரில் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: பெட்டியையும் பில்லையும் எறிந்துவிட்டேன். எந்த மென்பொருளை நிறுவ வேண்டும்?

பதில்: மாடல் பெயரைக்கூட எழுதாமல் கேட்டால் யாராலும் சொல்ல இயலாது, அடாப்டரின் மேல் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: நண்பரிடம் இருக்கும் அதே மாடலைத்தான் வாங்கினேன். அவருடையது லினக்ஸில் வேலை செய்கிறது, என்னுடையது செய்யவில்லை.

பதில்: இந்தத் துறையில் எனக்குத் தீராத கோபம் இதன் மீதுதான். பெட்டியின் முகப்பில் அதே பெயரையும் அதே படத்தையும் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் சிப்பை மட்டும் மாற்றிவிட்டு, அந்த மாற்றத்தைச் சீரியல் எண்ணுக்கு அருகே 'வி2', 'வி3' என்று கண்ணுக்குத் தெரியாத அளவில் அச்சிடும் வழக்கம் பல தயாரிப்பாளர்களிடம் இருக்கிறது. சிப் மாறினால் டிரைவரும் மாறும். வாங்குபவருக்கு அது வேறு பொருள். 'லினக்ஸிலும் இயங்கும்' என்ற வாசகத்தை நம்பி நான் வாங்கிய ஓர் அடாப்டருடன் கிடைத்தது, பழைய கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) மட்டுமே கம்பைல் ஆகும், அதாவது இயங்கும் நிரலாக மாறும், மூலநிரல்தான். அது இன்றும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. உங்கள் சிப் எது என்பதை அறிய, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 'டீடெய்ல்ஸ்' பகுதியில் 'ஹார்டுவேர் ஐடி' வரியைப் பாருங்கள்: 'விஐடி' (VID, தயாரிப்பாளரைக் குறிக்கும் எண்) என்பதை அடுத்து 0பிடிஏ (0BDA) என்று இருந்தால் அது ரியல்டெக் நிறுவனத்தின் சிப். கெர்னலிலேயே டிரைவர் உள்ள சிப்பைத் தேடி வாங்குவதே வழி. எடுத்துக்காட்டாக, மீடியாடெக் எம்டி7612யூ சிப்புக்கான டிரைவர் 2018இல் வெளிவந்த 4.19 கெர்னலிலிருந்தே இருக்கிறது. உங்கள் அடாப்டரின் பெட்டியில் லினக்ஸ் என்று அச்சிட்டிருந்தால், அந்த வரியைப் படமெடுத்து வைத்து, பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: பெட்டியில் 1200 என்று போட்டிருக்கிறது. எந்த அமைப்பை மாற்றினால் அந்த வேகம் வரும்?

பதில்: எதை மாற்றினாலும் வராது. 2.4 கிகாஹெர்ட்ஸின் 300 மெகாபிட்டையும் 5 கிகாஹெர்ட்ஸின் 867 மெகாபிட்டையும் கூட்டி, மேல்நோக்கி முழுமையாக்கிய எண் அது. உங்கள் கணினியோ ஒரு நேரத்தில் ஏதேனும் ஓர் அலைவரிசையில்தான் இணைகிறது. அடாப்டரை யூ.எஸ்.பி 2.0 துளையில் செருகியிருந்தால் 480 மெகாபிட் என்பதே அந்தத் துளையின் உச்சவரம்பு. 3.0 துளைக்கு மாற்றி, 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். கிடைப்பது அப்போதும் 867க்குக் கீழேதான் இருக்கும்.