அடித்தகடு போடலாமா, வேண்டாமா? ஃபோர்வீல் வண்டி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கொஞ்ச நாளாக வரும் கேள்விகளில் பெரும்பாலானவை வண்டிக்கு அடியில் போடும் பாதுகாப்புத் தகடு பற்றியவைதான். கடைக்காரர் ஒன்று சொல்கிறார், நண்பர் ஒன்று சொல்கிறார், வீடியோவில் வேறு ஒன்று சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பாறைக்கு நடுவே ஓடும் வண்டிக்குச் சொன்னதை நம் மலேசியச் செம்மண் பாதைக்கு அப்படியே எடுத்துக்கொண்டால் காசுதான் வீண். முதலில் உங்கள் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள். எந்தக் கேள்விக்கும் என் பதில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அண்ணே, காஜாங்கில் இருக்கிறேன். ஹைலக்ஸ் பிக்அப் எடுத்து ஒரு வருடம் ஆகிறது. வார இறுதியில் உலு லங்காட், ஜண்டா பாயிக் பக்கம் முகாம் போடப் போவோம். இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி), டேங்க் என்று முழு செட்டும் போடச் சொல்கிறார்கள். தேவையா?

தம்பி, நீங்கள் சொல்லும் இடங்களுக்கு மட்டும்தான் போகிறீர்கள் என்றால் தேவையில்லை. அங்கே முகாம் இடங்களுக்குப் போகும் பாதைகளில் மேடு பள்ளம் உண்டு, சேறு உண்டு, சின்ன ஆறு கடக்க வேண்டியிருக்கும், ஆனால் அடிவயிறு போய் மோதும் அளவுக்குப் பாறை ஏறும் வேலை பொதுவாக இருக்காது. தொழிற்சாலையிலிருந்து வரும் மெல்லிய தகடே அதற்குப் போதும்.

இருந்தாலும் என் வார்த்தையை நம்பி விட்டுவிடாமல் நீங்களே சோதித்துவிடுங்கள். வண்டியைக் கழுவிக் காயவைத்து, சமதரையில் நிறுத்தி, டார்ச்சோடு அடியில் போங்கள். (ஜாக் மட்டும் வைத்துத் தூக்கிவிட்டு அடியில் போகவே கூடாது. அவ்வளவு உயரமான வண்டிக்கு ஜாக் தேவையும் இல்லை.) முன்னிருந்து பின்னாக நீளவாக்கில் பெயிண்ட் உரிந்த கோடுகள் தெரிந்தால் ஏதோ உரசிப் போயிருக்கிறது என்று அர்த்தம், அதற்காகப் பயப்பட வேண்டாம். மேல்நோக்கி உள்ளே அமுங்கிய பள்ளம் இருந்தால் விஷயம் வேறு, வண்டியின் எடையே ஒரு கல்லின் மேலோ கட்டையின் மேலோ இறங்கியிருக்கிறது. அந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் இருந்தால் சட்டம் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆயில் சம்ப்பிலோ (இன்ஜின் ஆயில் தேங்கும் கிண்ணம்), ஆட்டோ கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டிலோ, டேங்கிலோ இருந்தால் அந்த இடத்துக்குத் தகடு போடத்தான் வேண்டும். அந்த இடத்துக்கு மட்டும் போதும், முழு செட் வேண்டாம்.

அடையாளம் தெளிவாகத் தெரியாவிட்டால், மலிவான வெள்ளை ஸ்பிரே பெயிண்டை அடியில் தாழ்ந்து நிற்கும் பாகங்களில் லேசாக அடித்துவிட்டு (எக்ஸாஸ்டிலும் ரப்பர் பாகங்களிலும் படாமல்) வழக்கமாகப் போகும் இடத்துக்குப் போய் வாருங்கள். வெள்ளை எங்கே போயிருக்கிறதோ அங்கேதான் உங்கள் வண்டி அடி வாங்குகிறது.

நாளைக்கே லோஜிங், குவா மூசாங் பக்கம் மரம் ஏற்றும் லாரிப் பாதைகளில் போகப் போகிறீர்கள் என்றால் என் பதில் மாறும். அங்கே மழை அரித்த ஓடைக்குள் உருண்டு கிடக்கும் கற்களும், பெரணிச் செடிக்குள் மறைந்து நிற்கும் வெட்டிய அடிமரங்களும்தான் ஆபத்து. அப்போது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தகடு போடுங்கள். அதற்கும் முன்னால் நல்ல டயரும், வண்டி சிக்கினால் கயிறு மாட்டி இழுக்கச் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) உறுதியான கொக்கியும் இருக்க வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் தகட்டுக்குச் செலவு செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரும்பா, அலுமினியமா?

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் அளவுள்ள 4 மி.மீ. எஃகுத் தகடு சுமார் 31 கிலோ. அதே அளவில் 6 மி.மீ. அலுமினியம் சுமார் 16 கிலோ. முழு செட்டையும் எஃகில் போட்டால் ஐம்பது கிலோவைத் தாண்டிவிடும், அதில் பெரும்பகுதி முன்பக்கம்தான் உட்காரும். முன் ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கி, தகடு போட்டுப் பாதுகாக்க நினைத்த இடைவெளியே குறைந்துபோகும்.

பாறையில் உரசும்போது எஃகு வழுக்கிப் போகும், அலுமினியம் மென்மையானது என்பதால் கல் அதைக் கவ்வும், ஆழமாகக் கீறும். எஃகு வளைந்தால் எந்தப் பட்டறையிலும் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம், வெல்டிங் வைக்கலாம். அலுமினியத்துக்கு வெல்டிங் வைக்கத் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டும். ஆனால் எஃகு துருப்பிடிக்கும். பினாங்கு மாதிரி கடற்காற்று அடிக்கும் ஊரில் அலுமினியத் தகட்டில் இரும்பு போல்ட் போட்டாலும் அந்தச் சந்தில் அரிப்பு வரும், போல்ட்டைக் கழற்ற முடியாமல் போகும். பூட்டும்போதே கிரீஸ் தடவிவிடுங்கள்.

சேறுதான் அதிகம், பாறை எப்போதாவது என்றால் அலுமினியம். கல்லிலும் கட்டையிலும்தான் பிழைப்பு என்றால் எஃகு.

எந்த உலோகம் என்பதைவிட எப்படிப் பூட்டியிருக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தகடு சேசிஸிலோ குறுக்குச் சட்டத்திலோதான் பூட்டியிருக்க வேண்டும், கியர்பாக்ஸ் உடம்பில் பூட்டினால் கல்லில் வாங்கும் அடி நேராக அதற்கே போகும். தகட்டுக்கும் சம்ப்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடமாவது வேண்டும், ஏனென்றால் அடி விழும்போது தகடு வளையும், வளைந்து சம்ப்பைத் தொட்டுவிட்டால் போட்டும் பயனில்லை. இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் முன்தகட்டின் பின்விளிம்பு கீழே இருக்க வேண்டும், பின்தகட்டின் முன்விளிம்பு அதற்கு மேலே ஒளிந்திருக்க வேண்டும். மாற்றிப் பூட்டினால் ஒவ்வொரு கல்லும் அந்த விளிம்பில் போய் மாட்டும். போல்ட் தலைகள் வெளியே துருத்திக்கொண்டு நின்றால் முதல் பாறையிலேயே தேய்ந்துவிடும், அப்புறம் ஸ்பேனர் பிடிக்காது.

பாலிக் பூலாவில் எங்களுக்கு டுரியான் தோட்டம் இருக்கிறது. ஜிம்னியில்தான் ஏறி இறங்குகிறோம். காங்கிரீட் பாதை முடிந்து மண்பாதை தொடங்கும் இடத்தில் நடுவில் இருக்கும் மேட்டில் அடிக்கடி இடிக்கிறது. எந்தத் தகடு போட வேண்டும், ஐயா?

நீங்கள் நினைக்கும் தகடு இதற்கு உதவாது. ஜிம்னியில் முன்னாலும் பின்னாலும் முழு ஆக்ஸில், நடுவில் பூசணி போல உருண்டு நிற்பது, இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல். அது சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும், எனவே சேசிஸில் பூட்டும் எந்தத் தகடும் அதை மறைக்காது. ஸ்பிரிங் மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தினாலும் டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அதை உயர்த்த நடைமுறையில் இருக்கும் வழி பெரிய டயர்தான். அதிலும் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் ஆக்ஸில் ஓர் அங்குலம்தான் உயரும்.

டிஃபரன்ஷியலின் அடிப்பக்கத்துக்கென்றே தனியாக வரும் கார்டு வாங்கிப் போடுங்கள். பின்னால் ஷாக் அப்சார்பரின் கீழ்ப் பிடிப்பையும் பாருங்கள், ஆக்ஸிலை விடத் தாழ்ந்து தொங்குவது அதுதான், அதற்கும் சின்னக் காப்பு கிடைக்கிறது. ஆனால் உங்கள் இடத்தில் நான் முதலில் மண்வெட்டியை எடுத்து அந்த நடுமேட்டை வெட்டிச் சமன் செய்வேன். அது உங்கள் சொந்தத் தோட்டம், தினமும் போகும் பாதை. பழம் விழும் பருவத்தில் கூடைகளோடு இறங்கும்போது பின்பக்கம் இன்னும் தாழ்ந்துதான் வரும்.

புரோட்டோன் எக்ஸ்70 வைத்திருக்கிறேன். கேமரன் மலையில் தோட்டங்களுக்குள் போக ஸ்கிட் பிளேட் (அடித்தகடு) போடலாமா?

வேண்டாம் சகோதரி. அது தனிச் சேசிஸ் இல்லாத வண்டி, அடியில் இருக்கும் மூடியில் பெரும்பகுதி சேறும் தண்ணீரும் தெறிக்காமல் தடுக்க மட்டுமே. எடையைத் தாங்கும் தகட்டை உறுதியாகப் பூட்ட அங்கே போதுமான இடம் கிடையாது. மண்பாதை மோசமாக இருந்தால் வண்டியைத் தார்ச்சாலையில் நிறுத்திவிட்டு உள்ளூர் லேண்ட் ரோவரில் ஏறிக்கொள்ளுங்கள்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை. கம்பெனி கொடுத்தது புதிய டீசல் பிக்அப். முழுக்கத் தகடு போட்டால் சூடாகுமா? சேறு உள்ளே தங்குமா?

இரண்டும் நடக்கும். இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும்.

சேறு முதலில். செம்மண் தகட்டின் மேல் ஏறி உட்கார்ந்து காய்ந்துவிட்டால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சேசிஸைத் துருப்பிடிக்க வைக்கும், எடையும் கூடும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது சேறு வெளியேற ஓட்டைகள் இருக்கிற தகடாகப் பாருங்கள். இன்ஜின் ஆயில் வடிக்கத் தனி ஓட்டை இல்லாவிட்டால் ஒவ்வொரு சர்வீசுக்கும் தகட்டைக் கழற்ற வேண்டும், அதில் சோம்பல்பட்டு ஆயில் மாற்றாமல் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சூடு அதைவிட முக்கியம். டிபிஎஃப் வடிகட்டி உள்ள டீசல் வண்டிகள் சேர்ந்த புகைக்கரியை அவ்வப்போது எரித்துத் தள்ளும், அப்போது உள்ளே சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை போகும். எக்ஸாஸ்டுக்கும் தகட்டுக்கும் நடுவே காய்ந்த லாலான் புல்லும் செம்பனை நாரும் சிக்கிக் கிடந்தால் தீப்பிடிக்கும். வெயில் காலத்தில் தோட்டத்துக்குள் ஓடினால் தினமும் வேலை முடிந்து எக்ஸாஸ்ட் ஆறியபின் அடியில் கைவிட்டு இழுத்து எறியுங்கள். எக்ஸாஸ்டை மூடும் தகட்டை நீங்கள் போடவே வேண்டாம். கம்பெனி வண்டி என்பதால் எதைப் பூட்டுவதற்கு முன்பும் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், வாரண்டி பிரச்சினை உங்கள் தலையில் விழக்கூடாது.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து. டிரைட்டனின் பக்கவாட்டுப் படி ஒரு பாறையில் பட்டு மேலே மடங்கிக் கதவே திறக்கவில்லை. அடித்தகடு போட்டிருந்தால் தப்பித்திருக்குமா?

தப்பித்திருக்காது. அந்தப் படி கால் வைத்து ஏறுவதற்கு மட்டும்தான், வண்டியின் எடையைத் தாங்காது. பல வண்டிகளில் சக்கரங்களுக்கு நடுவே மிகத் தாழ்ந்து நிற்பதும் அதுதான். கழற்றிவிட்டு, சேசிஸில் நேராகப் பூட்டும் ராக் ஸ்லைடர், அதாவது வண்டியின் எடையைத் தாங்கும் பக்கவாட்டுக் காப்புச் சட்டம், போடுங்கள். நீங்கள் போகும் இடம் பாறை என்றால் இன்ஜின் தகட்டுக்கு அடுத்த செலவு இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஷா ஆலமில் இருக்கிறோம். 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பயம். தகடு போட்டால் தண்ணீர் உள்ளே போகாதா?

போகும். தகடு கல்லைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் சட்டென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். அதற்கு, டிஃபரன்ஷியலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயை மேலே நீட்டிவிட வேண்டும். ஆழமான தண்ணீரில் போய்வந்தால் டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்து பாருங்கள், பால் கலந்த நிறத்தில் இருந்தால் உடனே மாற்றுங்கள்.

பழைய டி-மேக்ஸ் ஒன்று பார்த்திருக்கிறோம். ஏற்கெனவே முழு அடித்தகடும் போட்டிருக்கிறது. நல்ல விஷயம்தானே?

தகட்டைக் கழற்றிப் பார்க்கும் வரை ஒன்றும் சொல்ல முடியாது. தகடு ஆயில் கசிவையும் மறைக்கும், நசுங்கிய சம்ப்பையும் மறைக்கும், வெல்டிங் வைத்த குறுக்குச் சட்டத்தையும் மறைக்கும். நமக்குத் தெரிந்த பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, எல்லாத் தகடுகளையும் இறக்கிவிட்டு, தகட்டின் உள்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். அங்கே சம்ப்பின் வடிவம் பதிந்திருந்தால் கீழிருந்து வாங்கிய அடி தகட்டோடு நிற்கவில்லை. போல்ட்டெல்லாம் துருப்பிடித்து இறுகியிருந்தால் ரொம்ப காலமாக யாரும் அதைக் கழற்றவில்லை, ஆயில் எப்படி மாற்றினார்கள் என்று விற்பவரிடமே கேளுங்கள். கழற்ற விடமாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் வேறு வண்டி பாருங்கள்.