பட்ஜெட் வெட்டை கிண்டல் பண்ணுன கார்ட்டூன்கள்ல உங்களுக்குப் பிடிச்சது எது?

கெட்சப் தான், அதாவது தக்காளி சாஸ வச்சு வந்த கார்ட்டூன்கள். ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் புலம்பிக்கறேன்.

ஒரு காலத்துல சின்ன வாரப்பத்திரிகை ஒண்ணுல லேஅவுட் பண்ணிட்டிருந்தேன், பட்ஜெட் வாரம் வந்தாலே எங்க ஆர்ட்டிஸ்ட் அண்ணன் யாரும் கேக்காமலே ரெண்டுல ஒண்ணு வரைஞ்சு டேபிள்ல வச்சிருவாரு. மந்திரி கைல பெரிய கத்திரிக்கோல், இல்லன்னா "துண்டு விழுது"ங்கறதுக்கு தோள்ல இருந்து நழுவுற துண்டு. துண்டு ஜோக் நம்ம மொழில மட்டும் வேலை செய்யுது, அதனால மன்னிச்சு விட்டுரலாம். கத்திரிக்கோல், கோடாலி எல்லாம் எனக்கு ஆகவே ஆகாது.

கோடாலி ரொம்பப் பழைய சரக்கு. முதல் உலகப்போர் முடிஞ்சு கடன்ல கிடந்த பிரிட்டன்ல 1921ல எரிக் கெட்டிஸ் தலைமைல ஒரு கமிட்டி போட்டாங்க, அவங்க 1922ல பள்ளிக்கூடம் ராணுவம்னு பாக்காம சுமார் 8.7 கோடி பவுண்டு வெட்டச் சொன்னாங்க, அதுக்குப் பேரே 'கெட்டிஸ் கோடாலி'ன்னு ஆயிருச்சு. பிரச்சனை என்னன்னா கோடாலி புடிச்ச மந்திரி பாக்க கெத்தா இருப்பாரு, அந்தப் படத்த அவரே ஃப்ரேம் போட்டு ரூம்ல மாட்டிக்கலாம். 2010ல பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூன் அரசு செலவ வெட்டுனப்ப கார்டியன் பத்திரிகைல கார்ட்டூனிஸ்ட் ஸ்டீவ் பெல் அவர் தலைல ஆணுறைய மாட்டி வரைஞ்சாரு, சிரிப்பு வரும்தான், ஆனா அது ஆளப் பத்துன கிண்டல். யார் தட்டுல என்ன குறைஞ்சுச்சுன்னு அதுல தெரியாது.

இப்ப 1981க்கு வாங்க. அமெரிக்க அதிபரா ரீகன் வந்த முதல் வருஷமே பள்ளிக்கூட மதிய சாப்பாட்டுக்கான பணத்துல சுமார் 100 கோடி டாலர வெட்டிட்டாங்க. இருக்கற காசுல சமாளிக்கணுமேன்னு விவசாயத் துறை செப்டம்பர்ல புது விதி ஒண்ண எழுதுச்சு, அதுல தொட்டுக்கற ஐட்டத்தக் கூட காய்கறி கணக்குல சேத்துக்கலாம்ங்கற மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான், அப்ப கெட்சப்பும் காய்கறியான்னு கார்ட்டூன் போடறவங்களுக்கு லட்டு மாதிரி கிடைச்சிருச்சு. 100 கோடிய யாராலயும் வரைய முடியாது, கெட்சப் பாட்டில சின்னப் புள்ள கூட வரையும்.

அதோட நிக்கல. கிட்டத்தட்ட அதே நேரத்துல ரீகனோட மனைவி நான்சி ரீகன் வெள்ளை மாளிகைக்கு புதுசா பீங்கான் செட் ஒண்ணு வாங்குற சேதி வந்துச்சு, 220 பேர் உக்காந்து சாப்புடற அளவுக்கு சுமார் 4,370 பீஸ், விலை 2,09,508 டாலர். ஒரு பக்கம் தங்க விளிம்பு வச்ச பிளேட்டு, இன்னொரு பக்கம் ஸ்கூல் புள்ளையோட தட்டுல ஒரு சொட்டு சாஸ். இதுக்கு மேல கேப்ஷன் எதுக்கு?

நியாயமான்னு கேட்டா முழுசா இல்ல. அந்த விதில கெட்சப்ங்கற வார்த்தையே கிடையாது, ஊறுகா மாதிரி ஒரு ரெலிஷ உதாரணமா சொல்லியிருந்தாங்க. பீங்கான் செட்டும் வரிப்பணம் இல்ல, ஒரு ஃபவுண்டேஷன் குடுத்த நன்கொடை. ஆனா ரீகனோட சொந்தக் கட்சி செனட்டர் ஜான் ஹெய்ன்ஸ், ஆமா அந்த ஹெய்ன்ஸ் கெட்சப் கம்பெனி குடும்பத்து ஆளேதான், கெட்சப் தொட்டுக்கறது, காய்கறி இல்லன்னு சொன்னதுக்கப்புறம் அரசாங்கம் என்ன விளக்கம் குடுத்தும் எடுபடல.

அந்த மாசம் முடியறதுக்குள்ளயே விதிய வாபஸ் வாங்கிட்டாங்க. வெட்டுன பணம் மட்டும் திரும்பி வரல, அதுக்கு யாருகிட்டயும் படம் இல்ல.