தனிமைக்குக் கல்யாணம் மருந்தா?

கேள்வி: என் மகன் செப்டம்பரில் ஐ.டி. வேலைக்காக பெர்லின் போனான். ராத்திரி பத்து மணிக்கு நான் போன் செய்யும்போதெல்லாம், "இந்த ஊர் ஒட்டவே இல்லம்மா, வந்துடட்டுமா?" என்கிறான். ஒரு கல்யாணத்தைப் பண்ணி அனுப்பினால் சரியாகிவிடும் என்கிறார்கள் உறவினர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- ஒரு தாய், பெரம்பூர்

பதில்: இப்போதைக்குப் பெண் பார்க்காதீர்கள் அம்மா. உங்கள் மகனுக்காவது காலையில் கிளம்பிப் போக ஒரு ஆபீஸ் இருக்கிறது. வரப்போகிறவள் இங்கே பார்க்கும் வேலையையும் பெற்றவர்களையும் விட்டுவிட்டுப் போய், டிசம்பரில் காலை எட்டு மணிக்கு மேல் விடிந்து மாலை நாலுக்கெல்லாம் இருட்டிவிடும் ஊரில், பேச்சுத் துணை இல்லாமல் உட்கார்ந்திருப்பாள். அவன் தனிமையைப் போக்க இன்னொரு வீட்டுப் பெண்ணைத் தனிமையில் தள்ளுவது அநியாயம்.

அவன் நாள் எப்படிக் கழிகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆபீஸில் ஆங்கிலம், அறையில் தமிழ் என்றால் பிழைப்பு ஓடிவிடும், ஊர் ஒட்டாது. வீட்டுக்காரரின் கடிதம், டாக்டர் வீட்டு வாசலில் பேசுகிற பேச்சு, பக்கத்து வீட்டுக்காரரின் விசாரிப்பு எல்லாமே அங்கே ஜெர்மன்தான். ஞாயிற்றுக்கிழமை கடைகளும் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். பழக்கமானவர்கள் இல்லாதவனுக்கு அந்த ஒரு நாள் மிகவும் கொடுமை. ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்று பெரியவர்களுக்கான கல்வி நிலையங்கள் அங்கே ஊர்தோறும் உண்டு. மாலை நேர ஜெர்மன் வகுப்பு அங்கே குறைந்த கட்டணத்தில் நடக்கிறது. இந்த வாரமே சேரச் சொல்லுங்கள். புளூ கார்டில், அதாவது படித்த வெளிநாட்டவருக்குத் தரும் வேலை அனுமதியில் போயிருந்தால் இன்னொரு பலனும் உண்டு: ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர நிலை தேறியவர் 21 மாதத்தில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கேட்கலாம். ஏ1 என்ற ஆரம்ப நிலை மட்டும் என்றால் 27 மாதம்.

இது உங்களுக்கு, கோபித்துக்கொள்ளாதீர்கள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேரம் வித்தியாசம். நீங்கள் பத்து மணிக்குக் கூப்பிடும்போது அங்கே மாலை ஐந்தரை. வேலை முடிந்து நாலு பேரோடு வெளியே போக, வகுப்புக்குக் கிளம்ப அவனுக்கு இருப்பது அந்த நேரம்தான். அதை தினமும் நீங்களே எடுத்துக்கொள்கிறீர்கள். வாரத்துக்கு இரண்டு நாள் பேசுங்கள், போதும். உங்களுக்குத்தான் முதலில் கஷ்டமாக இருக்கும்.

1980களில் போருக்குத் தப்பி ஜெர்மனி போன ஈழத் தமிழர்கள் கையில் வேலையும் இல்லாமல், மொழியும் தெரியாமல் போய் இறங்கியவர்கள். ஹம் நகரில் 2002-இல் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு கோயில் எழுப்பினார்கள். அந்தத் தலைமுறையில் ஒருவரைத் தேடிப் பிடித்து, முதல் குளிர்காலத்தை எப்படித் தாண்டினீர்கள் என்று கேட்கட்டும். எந்த ஆலோசகரும் அவர்கள் அளவுக்குச் சொல்லித்தர முடியாது.

திரும்பி வருவதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் அந்த முடிவை ஜனவரி இருட்டில் எடுக்க வேண்டாம். ஜூனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். அதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

அதற்குப் பிறகும் அவன் அங்கேயே இருக்க விரும்பினால் பெண் பாருங்கள். ஜாதகம் கைமாறும் முன்பே குளிர், ஞாயிற்றுக்கிழமை, வாடகை எல்லாவற்றையும் அவனே அந்தப் பெண்ணிடம் சொல்லட்டும். புளூ கார்டுக்காரரின் மனைவிக்கு அங்கே வேலை பார்க்க அனுமதி உண்டு, அதையும் சொல்லட்டும். அவள் சம்மதித்தால், கல்யாணத் தேதிக்கு முன்னால் நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் நடக்கும் ஜெர்மன் வகுப்பில் அவளுக்கு ஒரு இடம் பிடித்துக் கொடுங்கள்.