எஸ்.பி.பி.க்காக அழுதால் என்ன தப்பு?

கேள்வி: எஸ்.பி.பாலசுப்ரமணியம் மறைந்து இத்தனை வருடமாகியும், செப்டம்பர் 25 வந்தால் என் மனைவி அவர் பாட்டைப் போட்டுக் கேட்டு அழுகிறாள். 2020-இல் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. சொந்தச் சித்தப்பா இறந்தபோதுகூட இப்படி அழவில்லை. முன்பின் பழகாத ஒருவருக்காக அழுவது போலித்தனம் இல்லையா?
(திண்டுக்கல் வாசகர் ஒருவர்)

பதில்: 'முன்பின் பழகாத' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மனைவிக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. ஐம்பதுக்குள் என்றால் அவர் பிறப்பதற்கு முன்பே எஸ்.பி.பி. தமிழில் பாட வந்துவிட்டார். 1969-இல் 'அடிமைப் பெண்' படத்துக்காக 'ஆயிரம் நிலவே வா' பாட வேண்டிய நேரத்தில் அந்த இளைஞருக்கு டைபாய்டு. வேறு பாடகரை வைத்து முடித்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது, எம்.ஜி.ஆருக்குப் பாடப்போகிறேன் என்று அந்தப் பையன் ஊரெல்லாம் சொல்லியிருப்பானே, ஏமாந்துபோவானே என்று எம்.ஜி.ஆர். காத்திருந்தார். இதை எஸ்.பி.பி.யே எத்தனையோ மேடைகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். அன்று தொடங்கிய குரல் டவுன் பஸ்ஸில், டீக்கடையில், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில், அடுப்படி ரேடியோவில் என்று ஐம்பது வருடம் இந்த ஊரை விட்டு நகரவில்லை. பிடித்த பாட்டையெல்லாம் ஒரு தாளில் எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து, 90 நிமிட கேசட்டில் பதிந்து வாங்கி, நாடா வெளியே வந்துவிட்டால் பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றிக் கேட்ட தலைமுறை அது. இது பழக்கம் இல்லையென்றால் வேறு எது பழக்கம்? வருடத்துக்கு ஒரு கல்யாணத்தில் பார்த்து 'நல்லா இருக்கியாம்மா' என்று கேட்டுவிட்டுப் பந்திக்குப் போகிற சித்தப்பாவைவிட இந்த மனிதர் அவருக்கு நெருக்கமாகத்தான் இருந்திருக்கிறார்.

வள்ளுவர் இதை எப்போதோ தீர்த்துவைத்துவிட்டார். 'புணர்ச்சி பழகுதல் வேண்டா உணர்ச்சிதான் நட்பாங் கிழமை தரும்' என்பது 785-ஆவது குறள். உரை எழுதிய பரிமேலழகர் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும். சோழன் உறையூரில், புலவர் பாண்டிய நாட்டுப் பிசிரில். ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. பிள்ளைகளோடு ஏற்பட்ட பகையால் மனம் கசந்து சோழன் வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்தபோது, பிசிராந்தையார் வருவார், அவருக்கும் இடம் வையுங்கள் என்றான். சுற்றியிருந்தவர்கள் நம்பவில்லை. அவர் வந்தார். அதைப் பார்த்துப் பொத்தியார் வியந்து பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. கூடவே உயிர்விட்டதை நான் உதாரணமாகக் காட்டவில்லை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பார்க்காமலே ஒருவர்மேல் பாசம் வைப்பதைப் போலி என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருந்ததில்லை என்பதற்காகச் சொன்னேன்.

சரி, சித்தப்பாவுக்கு வருவோம். சாவு வீட்டில் பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஆண்கள் பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே வருகிறவர்களுக்கெல்லாம் காபி கலக்க வேண்டும், பால் தீர்ந்தால் யாரையாவது ஓட விட வேண்டும், டம்ளர் பத்தாது, கழுவிக் கழுவி வைக்க வேண்டும், சர்க்கரை நோய்க்கார மாமாவுக்கு நேரத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டும், குழந்தைகள் தூங்க ஒரு மூலை பார்க்க வேண்டும். பிணத்தை எடுத்ததும் வீட்டைக் கழுவிவிட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் அழ எங்கே நேரம்? உங்கள் மனைவி சித்தப்பாவுக்கு அன்று அழவில்லை என்றால், அன்று அவர் கையில் எத்தனை வேலை இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒப்பாரி வைக்கும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள், இன்னொரு வீட்டுச் சாவில்தான் தன் தாயை, தன் பிள்ளையை நினைத்து மனசாற அழ முடியும் என்று. செப்டம்பர் 25-ஆம் தேதி அழுகிற அழுகையில் அந்தச் சித்தப்பாவும் இருக்கலாம்.

அதுவும் 2020-ஐ மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். ஆகஸ்ட் 5-ஆம் தேதி மருத்துவமனையில் சேர்ந்த எஸ்.பி.பி., லேசான காய்ச்சல்தான், கவலைப்பட வேண்டாம் என்று தானே வீடியோவில் சொன்னார். அடுத்த வாரமே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். ஆகஸ்ட் 20 மாலை ஆறு மணிக்கு ஊரே அவர் பாட்டை ஒலிக்கவிட்டுப் பிரார்த்தனை செய்தது. 74 வயது மனிதர் ஐம்பது நாள் போராடினார், மகன் சரண் கிட்டத்தட்ட அன்றாடம் வந்து நிலைமையைச் சொன்னார். அதே நாட்களில் எத்தனை வீடுகளில் அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய உடலைத் தூரத்தில் நின்று அனுப்பிவைத்தார்கள்! இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்குமேல் கூடாது என்று விதி. துக்கம் கேட்கக்கூட யாரும் வரவில்லை. தாமரைப்பாக்கத்தில் காவல்துறை மரியாதையோடு எஸ்.பி.பி.யை அடக்கம் செய்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து அழுதவர்களில், தன் வீட்டுச் சாவுக்கு அழ வாய்ப்புக் கிடைக்காதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் அழுகையைப் போலி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

போலி எது என்று கேட்டால் சொல்கிறேன். அவர் உயிரோடு இருக்கும்போதே 'ஆழ்ந்த இரங்கல்' படத்தைத் தயார் செய்து வைத்துக்கொண்டு யார் முந்துவது என்று ஓடினார்களே, அது போலி. 2018-இல் ஸ்ரீதேவி துபாயில் இறந்தபோது, குளியல் தொட்டியை வரைகலையில் போட்டுக் காட்டிய சேனல்கள் செய்தது அசிங்கம். இதை இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன், இனியும் எழுதுவேன். துக்க வீட்டு வாசலில் மைக்கை நீட்டி 'இப்போது எப்படி உணர்கிறீர்கள்' என்று கேட்பவர்களை விட்டுவிட்டு, வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டு அழுகிற பெண்ணிடம் வந்து கணக்குக் கேட்கிறீர்களே.

இதற்கு உடனே ஒரு கடிதம் வரும், எனக்குத் தெரியும். விவசாயி செத்தால் அழுதீர்களா, எல்லையில் வீரர் செத்தால் அழுதீர்களா என்று. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அந்த விவசாயிக்காகவும் அழுது நான் பார்த்ததில்லை. ஒருவருக்கு அழுதால் இன்னொருவருக்குக் கண்ணீர் மிச்சமிருக்காது என்று யார் சொன்னது?

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1987 டிசம்பர் 24-ஆம் தேதி எம்.ஜி.ஆர். இறந்தபோது சென்னையில் கடைகளை உடைத்தார்கள், அண்ணா சாலையில் இருந்த கருணாநிதி சிலையை இடித்தார்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பலர். அந்தக் குடும்பங்களை அப்புறம் யார் பார்த்தார்கள்? அப்போது அதைத் தியாகம் என்று எழுதிய பத்திரிகைகள்மேல் எனக்கு இன்றும் ஆறாத கோபம் உண்டு. பெங்களூரில் 2006 ஏப்ரலில் கன்னட நடிகர் ராஜ்குமார் இறந்தபோதும் வண்டிகள் எரிந்தன, துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின. பதினைந்து வருடம் கழித்து, 2021 அக்டோபர் 29-இல் அவர் மகன் புனீத் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பில் போனார். துக்கம் அதைவிடக் குறைவா? கண்டீரவா மைதானத்தில் லட்சக்கணக்கானவர்கள் வரிசையில் நின்றார்கள், ஊர் எரியவில்லை. அப்பாவைப் போலவே புனீத்தின் கண்களும் தானம் செய்யப்பட்டன. டாக்டர்கள் ஒவ்வொரு கருவிழியையும் முன்னடுக்கு, பின்னடுக்கு என்று பிரித்து, இரண்டு கண்ணை நான்கு பேருக்குப் பொருத்தினார்கள். அதற்குப் பிறகு கர்நாடகத்தில் கண்தானத்துக்குப் பதிவு செய்ய மக்கள் குவிந்தார்கள். இங்கே அதே வருடம் ஏப்ரல் 17-இல் விவேக் மறைந்தபோது, கலாம் சொன்னதைக் கேட்டு ஒரு கோடி மரக்கன்று நடக் கிளம்பிய மனிதர் என்பதால், ஊர் ஊராகக் கன்று நட்டார்கள். முன்பின் பழகாதவர்கள் நட்டவைதான் அவை.

எனக்கு வேறொரு குறை உண்டு, உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது. எஸ்.பி.பி. போவதற்கு நான்கு மாதம் முன்பு, அதே 2020 மே மாதம், இளையராஜாவின் இசைக்குழுவில் எத்தனையோ வருடம் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் காலமானார். உங்கள் மனைவி கேட்டு அழுகிற பாட்டுகளில் எத்தனையோ அவர் கைபட்டவை. எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? கேசட் அட்டையில் போட மாட்டார்கள். இலங்கை வானொலியில் அப்துல் ஹமீது காலத்தில் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று பெயர் சொல்லிவிட்டுத்தான் பாட்டு போடுவார்கள். இன்று எஃப்.எம்.மில் பாட்டு முடிவதற்குள் விளம்பரம் வந்துவிடுகிறது, எழுதிய கவிஞரின் பெயர்கூட வருவதில்லை. வாசித்தவர்கள் பெயரைப் பாட்டோடு சேர்த்துப் போடுங்கள் என்று நான் எழுதாத வருடமில்லை, ஒரு கம்பெனியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐயா, அடுத்த செப்டம்பர் 25-ஆம் தேதி அவர் எந்தப் பாட்டைப் போட்டு அழுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வருடம், யாரோடு சேர்ந்து அதை முதலில் கேட்டார் என்றும் கேளுங்கள். அவருக்குச் சம்மதமென்றால் எனக்கும் எழுதுங்கள். அந்தப் பாட்டில் வாசித்தவர்களின் பெயர்களை விசாரித்து இதே பக்கத்தில் போடுகிறேன்.